தவறு என்று கருதினாலும் மாற்ற முடியாத தீர்ப்பு: முன்தீர்ப்புகள் நீதிபதிகளைக் கட்டுப்படுத்தும் விதம்

பட்டியல் சாதிகளுக்குள் உள்ஒதுக்கீடு வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் இல்லை என்று 2004இல் சின்னையா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அந்தத் தீர்ப்பு சரியல்ல, மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும் என்று 2020 ஆகஸ்ட் 27 அன்று அதே நீதிமன்றத்தின் வேறு ஐந்து நீதிபதிகள் விரிவான காரணங்களோடு எழுதினர். ஆனால் அவர்கள் அதை மாற்றவில்லை. ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட நீதிபதிகள் கொண்ட அமர்வை அமைப்பதற்காகத் தலைமை நீதிபதியிடம் அனுப்பி வைத்தனர். 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு 6–1 என்ற பெரும்பான்மையில் சின்னையா தீர்ப்பை மாற்றும் வரை, தவறெனக் கருதப்பட்ட அந்தத் தீர்ப்பே நாட்டின் சட்டமாக நீடித்தது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அருந்ததியருக்கு வழங்கப்படும் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடும் அதுவரை கேள்விக்குறியோடுதான் இருந்தது.

ஒரு தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்ற நீதிபதிகளே கருதும்போது அதை அவர்களே ஏன் திருத்தக் கூடாது? பொதுச் சட்ட மரபில் நீதிபதியின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இதற்கு விடை கிடைக்கும்.

பொதுச் சட்டம் உருவான வழி

பொதுச் சட்டம் என்பது எந்த மன்றமும் கூடி இயற்றியது அல்ல. இங்கிலாந்தில் 1154 முதல் 1189 வரை ஆண்ட இரண்டாம் ஹென்றி, அரசரின் நீதிபதிகளை ஊர் ஊராக அனுப்பி வழக்குகளை விசாரிக்கச் செய்தார். அதுவரை வட்டாரத்துக்கு வட்டாரம் வழக்கங்கள் மாறுபட்டிருந்தன. சுற்றிவந்த நீதிபதிகள் தங்கள் முடிவுகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுப் பேசியதாலும், அந்த முடிவுகள் எழுத்தில் பதிவானதாலும், நாளடைவில் நாடு முழுவதற்கும் பொதுவான விதிகள் திரண்டன. ஒரே மாதிரியான இரண்டு வழக்குகளில் ஒரே மாதிரியான முடிவு வர வேண்டும் என்ற எதிர்பார்ப்புதான் இந்த முறையின் அடித்தளம். முன்பு தீர்க்கப்பட்ட வழக்கின் காரணத்தைப் பின்னால் வரும் நீதிபதி பின்பற்றும்போது அந்த முந்தைய தீர்ப்பு 'முன்தீர்ப்பு' எனப்படுகிறது.

பிரான்சு போன்ற நாடுகளின் மரபு வேறு. அங்கே 1804ஆம் ஆண்டின் உரிமையியல் சட்டத் தொகுப்பே முதல் ஆதாரம். தங்கள் தீர்ப்பின் மூலம் பொதுவிதி எதையும் வகுக்கக் கூடாது என்று அதன் 5ஆம் பிரிவு நீதிபதிகளைத் தடுக்கிறது. நடைமுறையில் அங்கும் உயர்மன்றங்களின் முடிவுகளுக்குப் பெருமதிப்பு உண்டு என்றாலும், ஒற்றைத் தீர்ப்பு சட்டமாகிவிடுவதில்லை.

இந்தியா இரண்டும் கலந்த பாதையில் வந்தது. 1860இல் தண்டனைச் சட்டம், 1872இல் ஒப்பந்தச் சட்டமும் சாட்சியச் சட்டமும் என்று பெரும்பாலான துறைகள் தொகுப்புச் சட்டங்களாகிவிட்டன. ஆனால் அந்தச் சட்டங்களின் சொற்களுக்கு என்ன பொருள் என்பதைத் தீர்ப்புகளே சொல்கின்றன. கவனக்குறைவால் நேரும் தீங்குக்கு இழப்பீடு கோருவது போன்ற சில துறைகளில் இன்றும் முழுமையான தொகுப்புச் சட்டம் கிடையாது. அங்கே முன்தீர்ப்புகளே பெரும்பகுதிச் சட்டம்.

ஒரு தீர்ப்பில் எந்தப் பகுதி கட்டுப்படுத்தும்?

நூறு பக்கத் தீர்ப்பின் நூறு பக்கமும் சட்டம் அல்ல. ஒரு தீர்ப்பை நான்காகப் பிரித்துப் பார்ப்பது வழக்கறிஞர்களின் பழக்கம்.

1. சங்கதிகள்: என்ன நடந்தது என்பது பற்றி நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட விவரங்கள்.
2. தீர்ப்புக் காரணம்: அந்தச் சங்கதிகளின் மேல் முடிவை எட்டுவதற்கு இன்றியமையாததாக இருந்த சட்டக் கொள்கை. வழக்கறிஞர்கள் 'ரேஷியோ' என்று குறிப்பிடுவது இதைத்தான். பிற்கால நீதிபதிகளைக் கட்டுப்படுத்துவது இது மட்டுமே.
3. போகிறபோக்கில் சொன்ன கருத்து: 'ஆபிடர்' எனப்படுவது. முடிவுக்குத் தேவைப்படாத உவமை, எச்சரிக்கை, யோசனை முதலியவை. இதற்கு மதிப்பு உண்டு. கட்டுப்படுத்தும் வலிமை கிடையாது.
4. உத்தரவு: யாருக்கு என்ன கிடைத்தது என்பது. இது அந்த வழக்கின் தரப்பினரை மட்டுமே கட்டுப்படுத்தும்.

இந்தப் பிரிவினை எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்ட, சட்டக் கல்லூரிகளில் சலிக்காமல் சொல்லப்படும் டோனகூ வழக்கை விடப் பொருத்தமானது இல்லை. 1928 ஆகஸ்ட் 26 அன்று ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஓர் உணவகத்தில், டோனகூ என்ற பெண்ணுக்கு அவருடைய தோழி இஞ்சி பீர் வாங்கிக் கொடுத்தார். பாட்டில் பழுப்பு நிறம். உள்ளே இருப்பது தெரியாது. பாதியைக் குடித்த பிறகு மீதியை ஊற்றியபோது அழுகிய நத்தை ஒன்று மிதந்து வந்ததாகவும், அதனால் தமக்கு வயிற்றுக் கோளாறும் அதிர்ச்சியும் ஏற்பட்டதாகவும் கூறி அவர் தயாரிப்பாளர் மீது வழக்குத் தொடுத்தார்.

அவருக்கு எதிராக நின்றது பழைய சட்டம். பானத்தை வாங்கியவர் தோழி என்பதால் டோனகூவுக்கு யாரோடும் ஒப்பந்தம் இல்லை. அஞ்சல் வண்டி உடைந்து காயமுற்ற ஓட்டுநர், வண்டியை வழங்கியவரோடு தமக்கு ஒப்பந்தம் இல்லாததால் இழப்பீடு பெற முடியாது என்று 1842இலேயே ஓர் ஆங்கிலத் தீர்ப்பு வந்திருந்தது. 1932இல், அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் ஐந்து நீதிபதிகளில் மூவர் அந்தத் தடையைத் தாண்டினர். தன் செயலால் யாருக்குத் தீங்கு நேரும் என்று ஒருவர் நியாயமாக முன்கூட்டியே எண்ணிப் பார்க்க முடியுமோ, அந்த மனிதர்பால் கவனமாக நடந்துகொள்ளும் கடமை (கவனக் கடமை) செயலைச் செய்பவருக்கு உண்டு என்பது அம்மூவரில் ஒருவரான அட்கின் பிரபு வகுத்த கொள்கை.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விவரம் உண்டு. பாட்டிலில் நத்தை இருந்ததா என்று எந்த நீதிமன்றமும் தீர்மானிக்கவே இல்லை. புகார் உண்மை என்று வைத்துக்கொண்டால் வழக்குத் தொடுக்க முடியுமா என்ற சட்டக் கேள்விக்கு மட்டுமே விடை சொல்லப்பட்டது. சாட்சி விசாரணை நடப்பதற்குள் தயாரிப்பாளர் இறந்துவிட, வழக்கு சமரசத்தில் முடிந்தது. நத்தை மெய்யோ பொய்யோ, காரணம் மட்டும் உலகெங்கும் பரவிச் சட்டமாகிவிட்டது.

அடுத்த கேள்வி, அந்தக் காரணத்தின் அகலம் எவ்வளவு என்பது. 'மூடிய பாட்டிலில் பானம் விற்பவருக்குக் கடமை உண்டு' என்று குறுக்கிப் படிக்கலாம். 'எந்தப் பொருளையும் தயாரிப்பவருக்குக் கடமை உண்டு' என்று விரித்தும் படிக்கலாம். 1935இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வழக்கில், உள்ளாடையில் தங்கிவிட்ட வேதிப்பொருளால் தோல் நோய் கண்டவருக்கும் இந்தக் கொள்கை பொருந்தும் என்று பிரிட்டிஷ் பேரரசு நாடுகளின் மேல்முறையீடுகளை லண்டனில் விசாரித்த பிரிவி கவுன்சில் கூறியது. 1970இல், சீர்திருத்தப் பள்ளிச் சிறுவர்கள் அதிகாரிகளின் கண்காணிப்பிலிருந்து தப்பி ஒரு படகைச் சேதப்படுத்திய வழக்கில், அரசுத் துறைக்கும் அந்தக் கடமை உண்டு என்ற அளவுக்கு அது விரிந்தது. 1932இல் எழுதப்பட்ட காரணம் எவ்வளவு பெரியது என்பதை முடிவு செய்தவர்கள் பின்னால் வந்த நீதிபதிகள். முன்தீர்ப்பு நீதிபதியின் கையைக் கட்டுகிறது என்று சொல்லும்போது, கயிற்றின் நீளத்தை ஓரளவு அவரே அளக்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்திய நீதிமன்றங்களின் படிவரிசை

உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் இந்தியாவின் ஆட்சிப்பரப்பில் உள்ள எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 141ஆம் பிரிவு. இந்தப் பிரிவிலிருந்தும் அதையொட்டி வளர்ந்த தீர்ப்புகளிலிருந்தும் கிடைக்கும் விதிகள் இவை.

1. உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு அதன் அதிகார எல்லைக்குள் இருக்கும் கீழமை நீதிமன்றங்களையும் தீர்ப்பாயங்களையும் கட்டுப்படுத்தும். மதுரை மாவட்ட நீதிபதி சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பைப் பின்பற்றியே ஆக வேண்டும். கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை அவர் துணைக்கு எடுத்துக்கொள்ளலாம், ஏற்க மறுக்கவும் செய்யலாம்.
2. உயர் நீதிமன்றத்துக்குள் தனி நீதிபதியை இருவர் அமர்வும், இருவர் அமர்வை மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நீதிபதிகள் கொண்ட முழு அமர்வும் கட்டுப்படுத்தும்.
3. உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்புகளுக்கு என்றென்றைக்கும் கட்டுப்பட்டதல்ல. 1955இல் பெங்கால் இம்யூனிட்டி வழக்கில் இது தெளிவாக்கப்பட்டது. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை இந்தச் சுதந்திரத்தை 1966இல்தான் எடுத்துக்கொண்டது.
4. ஆனால் அந்தச் சுதந்திரம் பெரிய அமர்வுக்கே உரியது. 2004இல் தாவூதி போரா வழக்கில் ஐந்து நீதிபதிகள் வகுத்தபடி, சிறிய அமர்வு பெரிய அமர்வின் தீர்ப்பிலிருந்து விலக முடியாது. சம எண்ணிக்கை கொண்ட அமர்வு ஐயத்தைப் பதிவு செய்து பெரிய அமர்வுக்கு அனுப்பக் கோரலாம். தானே மாற்ற முடியாது. 2020இல் சின்னையா தீர்ப்பைப் பற்றிய கருத்து இந்த இடத்தில்தான் முட்டி நின்றது.
5. எண்ணப்படுவது அமர்வின் அளவு. பெரும்பான்மையின் அளவு அல்ல. ஏழு பேர் அமர்வில் நால்வர் சொன்னது, ஐவர் ஒருமனதாகச் சொன்னதை வெல்லும் என்று 2022இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு உறுதிப்படுத்தியது.
6. சம எண்ணிக்கையுள்ள இரண்டு அமர்வுகள் முரண்பட்டால், முந்தையதைக் கவனிக்காமல் எழுதப்பட்ட பிந்தைய தீர்ப்பு கட்டுப்படுத்தாது. வாகன விபத்து இழப்பீட்டைக் கணக்கிடும் முறை பற்றிய குழப்பத்தை 2017இல் பிரணய் சேத்தி வழக்கு இப்படித்தான் தீர்த்தது.

எண்ணிக்கைக் கணக்கின் பலவீனம்

இந்தக் கணக்கு ஒழுங்கைத் தருகிறது. சில வேளைகளில் விநோதமான விளைவையும் தருகிறது. அந்தரங்க உரிமை வழக்கு அதற்குச் சான்று. 1975 முதல் உச்ச நீதிமன்றத்தின் சிறிய அமர்வுகள் பலவும் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாகவே பேசிவந்தன. ஆதார் வழக்கு விசாரணையின்போது 2015இல் மத்திய அரசு பழைய இரண்டு தீர்ப்புகளை எடுத்து முன்வைத்தது: எட்டு நீதிபதிகள் அளித்த 1954ஆம் ஆண்டின் எம்.பி.சர்மா தீர்ப்பு, ஆறு நீதிபதிகள் அளித்த 1962ஆம் ஆண்டின் கரக் சிங் தீர்ப்பு. இரண்டிலும் அந்தரங்க உரிமைக்கு எதிரான வரிகள் உண்டு. இடையில் வந்த சிறிய அமர்வுகள் என்ன சொல்லியிருந்தாலும் எட்டுக்கு முன் அவை எடுபடா என்பதே வாதம்.

எம்.பி.சர்மா வழக்கின் கேள்வியோ, ஆவணங்களைச் சோதனையிட்டுக் கைப்பற்றுவது ஒருவரைத் தனக்கெதிராகவே சாட்சி சொல்ல வைப்பதாகுமா என்பதுதான். அந்தரங்கம் பற்றிய வரி அதில் ஓரமாக வந்து போனது. அன்று உச்ச நீதிமன்றத்தின் அனுமதிக்கப்பட்ட மொத்த நீதிபதிகளே எட்டுப் பேர். இன்று அந்த எண்ணிக்கை 34. பெரும்பாலான வழக்குகளை இருவர் அல்லது மூவரே கேட்கின்றனர். ஆக, நீதிமன்றம் சிறிதாக இருந்த காலத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்ததால் கிடைத்த கனம், அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பக்கக் குறிப்பைப் பாறையாக்கிவிட்டது. அதை நகர்த்த ஒன்பது நீதிபதிகள் கூட வேண்டியிருந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் அவர்கள் ஒருமனதாக அந்தரங்க உரிமையை அறிவித்தனர். நெருக்கடி நிலையில் உயிர், சுதந்திர உரிமைகளுக்காக நீதிமன்றத்தை நாட முடியாது என்ற 1976ஆம் ஆண்டின் ஏ.டி.எம். ஜபல்பூர் தீர்ப்பு முறைப்படி மாற்றப்பட்டதும் அன்றுதான். நாற்பத்தொரு ஆண்டுகள் அது ஏட்டில் இருந்தது.

கட்டிலிருந்து விலகும் முறையான வழிகள்

முன்தீர்ப்பு பிடிக்கவில்லை என்பது விலகுவதற்குக் காரணமாகாது. ஏற்கப்பட்ட வழிகள் சிலவே.

1. வேறுபடுத்துதல்: முந்தைய வழக்கின் சங்கதிகளும் இந்த வழக்கின் சங்கதிகளும் முக்கியமான இடத்தில் மாறுபடுகின்றன என்று காட்டுவது. நீதிமன்றங்களில் அன்றாடம் நடப்பது இதுதான். கூடுதலாக ஒரே ஒரு சங்கதி இருந்தாலும் இரண்டு வழக்குகளின் முடிவு தலைகீழாகலாம். ஆகையால் சங்கதிகளை ஒப்பிடாமல் தீர்ப்புகளை அடுக்கக் கூடாது என்று 2002இல் பத்மசுந்தர ராவ் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் ஐந்து நீதிபதிகள் எச்சரித்தனர்.
2. கவனக்குறைவான தீர்ப்பு: பொருந்தக்கூடிய சட்டப் பிரிவையோ கட்டுப்படுத்தும் முன்தீர்ப்பையோ பார்க்காமல் எழுதப்பட்டது. 'பெர் இன்கியூரியம்' என்று சொல்லப்படும் இந்தக் குறையைக் காட்டுவது எளிது போலத் தோன்றும்; ஆனால் ஒரு வாதம் வலுவாக எடுத்துவைக்கப்படவில்லை என்பது மட்டும் இதற்குப் போதாது.
3. வாதிக்கப்படாத கேள்வி: ஒரு சட்டக் கேள்வி எழுப்பப்படாமலும் ஆராயப்படாமலும் முடிவு மட்டும் வந்திருந்தால், அந்தக் கேள்வியைப் பொறுத்தவரை அது முன்தீர்ப்பு ஆகாது.
4. பெரிய அமர்வு நேரடியாக மாற்றுவது.

வெளிநாட்டுத் தீர்ப்புகளுக்கு இந்த வழிகள் எதுவும் தேவையில்லை. அவை தொடக்கத்திலிருந்தே கட்டுப்படுத்துவதில்லை. ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவர் அது வெளியேறினால் பொறுப்பு, ஆனால் சில விதிவிலக்குகள் உண்டு என்பது 1868ஆம் ஆண்டின் ஆங்கிலத் தீர்ப்பு ஒன்றின் விதி. 1985 டிசம்பரில் டெல்லியில் ஓலியம் வாயு கசிந்ததை ஒட்டிய வழக்கில் தலைமை நீதிபதி பி.என்.பகவதி தலைமையிலான அமர்வு, அந்த விதி வேறு காலத்துத் தொழில்முறைக்கு உரியது என்று ஒதுக்கிவிட்டு, அபாயகரமான தொழில் நடத்துவோருக்கு விதிவிலக்கே இல்லாத முழுப் பொறுப்பை வகுத்தது. போபால் பேரழிவுக்கு ஓராண்டு கழித்து நிகழ்ந்த கசிவு அது.

செய்திகளில் முன்தீர்ப்பு போலத் தெரியும், ஆனால் அப்படி அல்லாதவை

'உச்ச நீதிமன்றம் அதிரடி' என்ற தலைப்பின் கீழ் வருவதெல்லாம் சட்டம் அல்ல. குறிப்பாக மூன்று இடங்களில் குழப்பம் மிகுதி.

1. சிறப்பு அனுமதி மனு தள்ளுபடி: உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துத் தாக்கல் செய்யப்படும் இந்த மனுவைக் காரணம் கூறாமல் தள்ளுபடி செய்தால், உயர் நீதிமன்றம் சொன்னது சரி என்று உச்ச நீதிமன்றம் கூறியதாக ஆகாது. மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுக்கப்பட்டது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. 2000இல் குஞ்ஞகம்மது வழக்கு இதை விரிவாக விளக்கியது.
2. விசாரணையின்போது வாய்மொழியாகக் கேட்கப்படும் கேள்விகளும் கண்டனங்களும்: எழுத்தில் வராத வரை அவற்றுக்குச் சட்ட மதிப்பு இல்லை. இடைக்காலத் தடை உத்தரவும் இறுதியான கருத்து அல்ல.
3. 142ஆம் பிரிவின் கீழ் வரும் உத்தரவு: முழுமையான நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்கு உள்ள தனி அதிகாரம் இது. குறிப்பிட்ட தரப்பினரின் நிலைமைக்காகப் பிறப்பிக்கப்படும் நிவாரணத்தை அடுத்தவர் முன்தீர்ப்பாகக் காட்டிக் கேட்க முடியாது; பல உத்தரவுகளிலேயே அப்படி எழுதியிருக்கும்.

சட்டமன்றங்களின் இடம்

நீதிபதிகள் வகுத்த விதியைச் சட்டமன்றம் மாற்றலாம். ஆனால் 'இந்தத் தீர்ப்பு செல்லாது' என்று ஒரு வரியில் சட்டம் போட முடியாது. தீர்ப்பு எந்தச் சட்ட அடிப்படையின் மேல் நிற்கிறதோ அந்த அடிப்படையை மாற்ற வேண்டும். மறுபுறம், சட்டமன்றம் பேசாமல் இருந்த இடத்தைத் தீர்ப்பு நிரப்புவதும் உண்டு: பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 1997இல் விசாகா வழக்கில் வகுக்கப்பட்ட நெறிமுறைகள், 2013இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரை பதினாறு ஆண்டுகள் சட்டமாகவே செயல்பட்டன. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய சட்டம் வந்துவிட்டாலும், சொற்கள் மாறாமல் எடுத்தாளப்பட்ட பிரிவுகளுக்குப் பழைய தீர்ப்புகளின் விளக்கமே இன்றும் கைகொடுக்கிறது.

தீர்ப்பு மாறினால் பழைய கணக்கு என்னவாகும்?

ஒரு முன்தீர்ப்பு மாற்றப்படும்போது, புதிய விதி தொடக்கத்திலிருந்தே சட்டமாக இருந்ததாகக் கொள்வதே பொதுவான நிலைப்பாடு. பழைய தீர்ப்பு அந்தச் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டது என்று பொருள். இறுதியாக முடிந்துபோன வழக்குகள் இதனால் மீண்டும் திறக்கப்படுவதில்லை. ஆனால் பழைய விதியை நம்பிப் பணம் கட்டியவர், கட்டாமல் விட்டவர் கதை சிக்கலானது. கனிமங்களுக்குச் செலுத்தப்படும் ராயல்டி பற்றிய வழக்கில் இது முழு வீச்சில் வெளிப்பட்டது.

இந்தியா சிமெண்ட் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1989இல் ஏழு நீதிபதிகள், ராயல்டி என்பது வரியே என்றும், அதன்மேல் மாநிலம் கூடுதல் வரி விதிக்க முடியாது என்றும் தீர்ப்பளித்தனர். 2004இல் மேற்கு வங்க வழக்கு ஒன்றைக் கேட்ட ஐந்து நீதிபதிகளுக்கு அந்த வாக்கியம் சரியாகப் படவில்லை. ஏழு பேர் சொன்னதை மாற்றும் எண்ணிக்கையும் அவர்களிடம் இல்லை. எனவே, 'ராயல்டி வரி' என்று இருப்பது எழுத்துப் பிழை, 'ராயல்டி மீதான கூடுதல் வரி ஒரு வரி' என்றுதான் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று படித்தனர். கட்டுப்பட்டுக்கொண்டே விலகுவதற்கு இதைவிடத் துணிச்சலான வழி இருக்க முடியாது. முரண்பாடு 2011இல் ஒன்பது நீதிபதிகளுக்கு அனுப்பப்பட்டது.

2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் 8–1 என்ற பெரும்பான்மையில், ராயல்டி வரி அல்ல என்றும், கனிம வளமுள்ள நிலத்தின் மீது வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றும் அறிவித்து 1989ஆம் ஆண்டின் தீர்ப்பை மாற்றினர். தீர்ப்பு இனி வரும் காலத்துக்கு மட்டுமே பொருந்த வேண்டும் என்று கேட்ட சுரங்க நிறுவனங்களின் கோரிக்கை ஆகஸ்ட் 14 அன்று நிராகரிக்கப்பட்டது. மாறாக, நீதிமன்றம் ஒரு நடுவழியை வகுத்தது: 2005 ஏப்ரல் 1க்கு முந்தைய பரிவர்த்தனைகளுக்கு மாநிலங்கள் எதுவும் கேட்கக் கூடாது, அதற்குப் பிந்தைய பாக்கியை 2026 ஏப்ரல் 1 முதல் பன்னிரண்டு ஆண்டுகளில் தவணையாகச் செலுத்த வேண்டும், 2024 ஜூலை 25க்கு முந்தைய காலத்துக்கான கேட்புகளுக்கு வட்டியும் அபராதமும் கிடையாது.